பின்பக்கக் காற்றையும் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடந்த செப்டம்பர் விடுமுறையில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் பகுதிநேர வேலை பார்த்தேன். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு உருப்படியாக ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று தோன்றியது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் வீட்டைச் சுத்தம் செய்யும் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

உட்லண்ட்சில் நான்கறை வீவக வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வசிக்கிறோம். பாட்டிக்கு 72 வயது. தினமும் காலையில் துடைப்பத்தால் வீட்டைக் கூட்டுபவர் அவர்தான். அம்மா தொழிற்சாலையில் மாறுநேர வேலை முடிந்து வந்து தரையைத் துடைப்பார். அப்பா பேருந்து ஓட்டுநர். தங்கை தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். மூன்று வயதிலிருந்து அவளுக்கு ஆஸ்துமா.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெரிய தூசு உறிஞ்சி உண்டு. ஆனால் அதை வெளியே எடுக்க, பொருளறையில் இருக்கும் பாதிச் சாமானை நகர்த்த வேண்டும். பிறகு மின்கம்பியை அறைக்கு அறை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் அது ஆண்டுக்கு இரண்டு முறைதான் வெளிச்சம் பார்க்கும். கையில் பிடிக்கும் கம்பியில்லாக் கருவி ஒன்று இருந்தால் பாட்டிக்கு முதுகு வளையாது, தங்கையின் மெத்தையையும் அடிக்கடி சுத்தம் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன்.

இணையக் கடை ஒன்றில் 39 வெள்ளிக்குக் கிடைத்தது. ‘15,000 பாஸ்கல் உறிஞ்சும் ஆற்றல்’, ‘30 நிமிட இயக்கம்’, ‘ஹெப்பா வகை வடிகட்டி’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய எண், சிறிய விலை. வாங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை இரவு

கருவி வந்த சனிக்கிழமை பிற்பகலே தங்கையின் மெத்தையில் வேலையைத் தொடங்கினேன். அவள் அதே அறையில் மேசைமுன் அமர்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சில நிமிடங்களில் கருவியின் கண்ணாடிபோன்ற குப்பியில் சாம்பல் நிறத் தூசு சேர்ந்தது. “இவ்வளவு தூசுலயா இத்தனை நாள் படுத்திருந்தா!” என்று அம்மா வியந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. குப்பியைக் கழற்றி, அறை வாசலிலேயே ஒரு பையில் தட்டினேன்.

இரவு ஒரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். தங்கை படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. நீலநிற இன்ஹேலரை, மருந்து நுரையீரலுக்குள் சரியாகப் போக உதவும் குழாயுடன் சேர்த்துக் கொடுத்தோம். கொஞ்சம் தணிந்து மறுபடியும் ஏறியது. அப்பா டாக்சியை அழைத்தார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் முகமூடிவழி மருந்துப் புகை கொடுத்தார்கள். விடியும்போதுதான் அவள் தூங்கினாள்.

“இன்னைக்கு வீட்டுல வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்ததா?” என்று மருத்துவர் கேட்டார். நான் மெத்தையைச் சுத்தம் செய்ததைச் சொன்னேன். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால், தூசு கிளம்பும் வேலை எதையும் அவள் இருக்கும் அறையில் செய்ய வேண்டாம் என்றும், கருவியிலிருந்து வெளிவரும் காற்றைக் கவனிக்கும்படியும் சொன்னார்.

வெளிவரும் காற்று! உள்ளே போகும் தூசைப் பற்றி மட்டுமே நான் நினைத்திருந்தேன்.

காற்று எங்கே போகிறது?

மறுநாள் மாலை, தங்கை மாமா வீட்டில் இருந்தபோது ஒரு சோதனை செய்தேன். அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் விளக்கொளி கருவியின் பின்பக்கத் துளைகளைக் குறுக்கே கடக்குமாறு வைத்துவிட்டுக் கருவியை இயக்கினேன். ஒளிக்கற்றையில் நுண்ணிய தூசு புகைபோல் பறந்தது. வெள்ளை மெல்லிழைத்தாள் ஒன்றைத் துளைகளின்மீது பிடித்தேன். சிறிது நேரத்தில் அதில் சாம்பல் கோடுகள் விழுந்தன.

தூசு உறிஞ்சி வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே இருக்கும் மோட்டார் ஒரு விசிறியை மிக வேகமாகச் சுழற்றுகிறது. விசிறி காற்றைப் பின்பக்கம் தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட, வெளிக்காற்று முன்வாய்வழியே தூசையும் அள்ளிக்கொண்டு பாய்கிறது. பெரிய தூசு குப்பியில் விழுகிறது. நுண்தூசை வடிகட்டி பிடிக்க வேண்டும். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வந்தே ஆக வேண்டும். வடிகட்டி மோசமாக இருந்தாலோ, அதன் விளிம்பில் இடைவெளி இருந்தாலோ மெத்தையில் அடங்கிக் கிடந்த தூசு நாம் சுவாசிக்கும் காற்றில் கலந்துவிடும். என் கருவியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அதைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மெத்தைத் தூசில் தூசு உண்ணிகள் இருக்கும். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அவற்றின் உணவு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த உயிரினங்களைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்வதால் சிங்கப்பூர் பருவநிலை அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. வெப்பமண்டலப் பகுதிகளுக்கே உரிய ‘புளோமியா டிராபிக்காலிஸ்’ என்ற வகை இங்கு அதிகம் காணப்படுகிறது. ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெரும்பங்கு வகிப்பது அவற்றின் எச்சம். அது காற்றில் கிளம்பினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இதைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர் என்பவர் ஒரு கடையில் துப்புரவாளராக இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. கூட்டும்போது கிளம்பும் தூசு அவரை வாட்டியது. 1907ஆம் ஆண்டில் ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து, எடுத்துச் செல்லக்கூடிய தூசு உறிஞ்சியை உருவாக்கினார். மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். பிறகு ஹூவர் குடும்பத்தார் அந்த உரிமையை வாங்கி உலகம் முழுதும் விற்றார்கள். கையடக்கமான கம்பியில்லாக் கருவி வீடுகளில் பரவலானது, 1979ல் ‘பிளாக் அண்ட் டெக்கர்’ நிறுவனம் ‘டஸ்ட்பஸ்டர்’ கருவியை அறிமுகம் செய்த பிறகுதான். தூசு மூச்சுக்குள் போகக்கூடாது என்று ஓர் ஆஸ்துமா நோயாளி கண்டுபிடித்த கருவியை, என் தங்கைக்கு எதிராகவே நான் பயன்படுத்தியிருக்கிறேன் என்ற எண்ணம் என்னை உறுத்தியது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடுத்ததை வாங்குமுன் பெட்டியில் எழுதியிருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் பாஸ்கல். இது அழுத்தத்தின் அலகு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101,000 பாஸ்கல். 15,000 பாஸ்கல் என்றால் கருவி தன்னுள் அழுத்தத்தை அந்த அளவு குறைக்கிறது என்று பொருள். ஆனால் இது பெரும்பாலும் கருவியின் வாயை முழுதாக அடைத்து வைத்து அளக்கப்படுவது. பபிள் டீ உறிஞ்சுகுழலின் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் ஒட்டிப்போகும், ஆனால் வாய்க்கு ஒன்றும் வராது. தூசை இழுத்து வருவது ஓடும் காற்று. அழுத்தம், காற்றோட்டம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவு ‘ஏர் வாட்’. அது பெட்டியில் இருந்தால் இரு கருவிகளை ஒப்பிட உதவும். வெறும் ‘வாட்’ என்று இருந்தால் அது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

அடுத்தது மின்கலம். உயர்நிலைப்பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். என் பழைய கருவியில் 7.4 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 14.8 வாட்-மணி. மோட்டார் 100 வாட். 14.8ஐ 100ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9 நிமிடம். விளம்பரத்தில் சொன்ன 30 நிமிடம் எல்லாம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால்தான் வரும். இந்தக் கணக்கைக் கடையிலேயே கைத்தொலைபேசியில் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வடிகட்டி. ‘ஹெப்பா’ என்பது ஒரு தர அளவு. அமெரிக்க வரையறையின்படி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 99.97 விழுக்காட்டை அது பிடிக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு நுண்ணியது என்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ‘எச்13’ போன்ற தரக்குறியீடு இருக்கும். ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்ற சொற்கள் எந்தத் தரத்தையும் உறுதிப்படுத்துவதில்லை. வடிகட்டி நல்லதாக இருந்தாலும் அதைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். மாற்று வடிகட்டி தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் சில மாதங்களில் கருவியே பயனற்றுவிடும்.

மின்னூட்டும் அடாப்டரில் சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தேன். அதில் எட்டு இலக்கப் பதிவெண் இருக்கும். என் 39 வெள்ளிக் கருவியுடன் வந்த அடாப்டரில் அது இல்லை.

கடைக்கு வந்த பாட்டி

இரண்டாவது முறை இணையத்தில் வாங்கவில்லை. அம்மாவையும் பாட்டியையும் கடைத்தொகுதிக்கு அழைத்துச் சென்றேன். “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? துடைப்பம் இருக்கு” என்று பாட்டி முதலில் மறுத்தார். “வாங்கிறது நான், பிடிக்கப்போறது நீங்க. அதனால நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

நான் ஒரு மாதமாகப் படித்துத் தெரிந்துகொள்ளாத இரண்டு விஷயங்களைப் பாட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கருவியை ஒரு கையில் தூக்கி, கையை நீட்டி, அலமாரி மேல்தட்டைச் சுத்தம் செய்வதுபோல் பிடித்தார். “கனம் எல்லாம் முன்னாடி இருக்கு. மணிக்கட்டு வலிக்குது” என்றார். இன்னொன்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். விரலை எடுத்ததும் அது நின்றுவிட்டது. “இதை விடாம அழுத்திட்டே இருக்கணுமா? என் விரலுக்கு ஆகாது.” மூட்டுவலி உள்ள விரல்களுக்கு ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து ஓடும் பொத்தான்தான் ஏற்றது. எந்த விளம்பரத்திலும் இதை நான் பார்க்கவில்லை.

அம்மா சத்தத்தைக் கவனித்தார். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவருக்கு அது முக்கியம். கடைசியில், மோட்டாரும் மின்கலமும் கைப்பிடிக்கு அருகிலேயே இருந்த, ஒரு கிலோவுக்கும் குறைவான கருவியை எடுத்தோம். தரக்குறியீட்டுடன் கூடிய வடிகட்டி, மெத்தைக்கென மோட்டார் பொருத்திய சிறிய தூரிகை, இடுக்குகளுக்கான ஒல்லியான முனை, கழற்றி மாற்றக்கூடிய மின்கலம் ஆகியவை அதில் இருந்தன. விலை 129 வெள்ளி. பாதியை அம்மா கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதே இருட்டறைச் சோதனையைச் செய்தேன். ஒளிக்கற்றை தெளிவாக இருந்தது.

நாங்கள் பின்பற்றும் முறை

நல்ல கருவி வாங்கினால் மட்டும் போதாது என்பதைப் பயன்படுத்தும்போது உணர்ந்தோம். இப்போது வீட்டில் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலையில் தங்கை வரவேற்பறைக்குப் போய்விடுவாள். அறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்துவிட்டு மெத்தையைச் சுத்தம் செய்வேன். அவசரமாக இழுத்தால் மேலோட்டமாகத்தான் தூசு போகும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மெதுவாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி நகர்த்த வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது கழித்துத்தான் அவள் உள்ளே வருவாள்.

குப்பியை வீட்டுக்குள் தட்டுவதில்லை. முகக்கவசம் அணிந்துகொண்டு, பிளாஸ்டிக் பைக்குள் குப்பியை நுழைத்துத் திறந்து, அப்படியே பையைக் கட்டி வீசிவிடுகிறோம். குப்பி நிறையும்வரை காத்திருப்பதும் இல்லை. தூசு ஏற ஏறக் காற்றோட்டம் குறைந்துவிடும்.

கழுவக்கூடிய வடிகட்டி என்றால் குழாய் நீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே பொருத்த வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. அரைகுறையாகக் காய்ந்ததைப் பொருத்தினால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும், மோட்டாரும் கெடும். அதனால் இரண்டு வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

பாட்டி ஒருநாள் சாமி மேடையில் சிந்தியிருந்த ஊதுபத்திச் சாம்பலை உறிஞ்சப் போனார். தடுத்துவிட்டேன். சாம்பலுக்குள் கனல் இருந்தால் குப்பியில் இருக்கும் காய்ந்த தூசு தீப்பிடிக்கலாம். ஆறிய சாம்பல், திருநீறு, மாவு போன்ற மிக நுண்ணிய பொடிகளும் வடிகட்டியை அடைத்துவிடும். அவற்றுக்கு ஈரத்துணியே நல்லது. தண்ணீர் சிந்தினாலும் இதைத் தொடக்கூடாது, ஈரத்தையும் உறிஞ்சும்படி செய்யப்பட்ட கருவியாக இருந்தால் தவிர. தூரிகையில் சுற்றிக்கொள்ளும் தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது தங்கையின் வேலை.

லித்தியம் மின்கலத்திலும் கவனம் தேவை. எல்லாரும் தூங்கும்போது மின்னூட்டுவதில்லை. வெயில் படும் சன்னலோரத்தில் வைப்பதில்லை. மின்கலம் உப்பியிருந்தால் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். பழையதைக் குப்பைக் குழாயில் வீசவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். சிங்கப்பூரில் 2021 ஜூலையில் மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடப்புக்கு வந்தபின், கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். எந்தத் தொட்டியில் எதைப் போடலாம் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. இந்தக் கருவி ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. தூசு உண்ணிகள் மெத்தை இழைகளைப் பற்றிக்கொண்டிருப்பதால் உயிருள்ளவற்றில் பலவும் உறிஞ்சலுக்கு வராது. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கிறோம். உண்ணி புகாத மெத்தை உறையும் போட்டிருக்கிறோம். மருத்துவர் கொடுத்த தடுப்பு இன்ஹேலரைத் தங்கை தவறாமல் எடுக்கிறாள். அவளுடைய பள்ளிப் பையில் நீலநிற இன்ஹேலர் எப்போதும் இருக்கிறது.

என் வயது நண்பர்கள் பலர் பகுதிநேர வேலைப் பணத்தில் வீட்டுக்குப் பொருள் வாங்குகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை வீட்டில் யார் பயன்படுத்தப் போகிறார்கள்? அவர்கள் கையில் பிடித்துப் பார்த்தார்களா? இது வெளிவிடும் காற்றை வீட்டில் யார் சுவாசிக்கப் போகிறார்கள்? இந்த மூன்றையும் கேட்காததால் என் முதல் சம்பளத்தில் 39 வெள்ளி போனது பெரிதல்ல. அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

போன வாரம் வடிகட்டியை மாற்றிப் பொருத்தியதும் தங்கை கைத்தொலைபேசியுடன் வந்து நின்றாள். “அண்ணா, லைட்டை அணைங்க, நான் செக் பண்றேன்” என்றாள். முகக்கவசம் போடச் சொல்லி, அறைக்கு வெளியே நிற்கவைத்து, கதவிடுக்குவழி விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் வரல” என்று தலையாட்டினாள். அதன் பிறகுதான் மெத்தையைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன்.